ஆன்லைன் ஏலத்தில் "ஏலம் உங்களுக்கே" என்று திரையில் வந்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிட்டதா?

கேட்பு_எண்7:

வணக்கம். இணைய ஏலத்தில் நேரம் முடிந்ததும் "வாழ்த்துகள், ஏலம் உங்களுக்கே" என்று திரையில் வருகிறது. அந்த வரியோடு இரு தரப்பும் சட்டப்படி கட்டுப்பட்டுவிட்டார்களா, அதற்குப் பிறகும் யாராவது ஒப்புதல் தர வேண்டியிருக்கிறதா? பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும் என்பதால் இரண்டு கணக்கை வைக்கிறேன்.

ஒன்று: ஒரு தொழிற்சாலை தன் பழைய டீசல் ஜெனரேட்டரைத் தனியார் ஏலத் தளத்தில் போடுகிறது. ஆரம்ப விலை ₹1,00,000. நேரம் முடியும்போது அதிகபட்சக் கேட்பு ₹3,40,000. மறுநாள் விற்பவர், "வெளியே ₹5,00,000 போகும் பொருள், இந்த விலைக்குத் தர முடியாது" என்கிறார்.

இரண்டு: கடன் கட்டாதவர் அடமானம் வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் விடும் ஈ-ஏலம். ஒரு வீடு. ரிசர்வ் விலை (விற்பவர் வைக்கும் குறைந்தபட்ச விலை) ₹62,00,000, இ.எம்.டி. (ஏலத்தில் கேட்கும் முன் கட்டும் முன்வைப்புத் தொகை) ₹6,20,000, கடைசிக் கேட்பு ₹64,50,000. ஏலம் எடுத்தவர் அன்று இரவே பின்வாங்கினால் எவ்வளவு போகும்? மாறாக, கடன் வாங்கியவர் பணத்தோடு வந்து நின்றால் வங்கி ஏலத்தை ரத்து செய்ய முடியுமா?

இந்தியச் சட்டப்படி பதில் வேண்டும்.


மூணாம்தரம்:

அடிப்படையிலிருந்து வருகிறேன். ஏலத்தில் பொருளைப் போடுவது "வாங்க, விலை கேளுங்க" என்ற அழைப்பு மட்டுமே. ஒவ்வொரு கேட்பும் ஒரு முன்மொழிவு. அதை விற்பவர் தரப்பு ஏற்கும் நொடியில்தான் ஒப்பந்தம் பிறக்கிறது. அந்த நொடி எது என்பதைச் சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 64(2) சொல்கிறது: ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டியோ, வழக்கத்தில் உள்ள வேறு முறையிலோ விற்பனை முடிந்ததாக அறிவிக்கும்போது விற்பனை முழுமை பெறுகிறது. அதுவரை எவரும் தன் கேட்பைத் திரும்பப் பெறலாம். நம் ஊர்ச் சந்தையில் "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்பது அந்த "வழக்கத்தில் உள்ள வேறு முறை"தான். மூணாம் தரம் சொல்லி முடித்த பிறகு யாரும் பின்வாங்க முடியாது.

இணையத்தில் சுத்தியலும் இல்லை, மூணு தரமும் இல்லை. கடிகாரம்தான் இருக்கிறது. அந்தக் கடிகாரம் நின்றால் என்ன பொருள் என்பதை முடிவு செய்வது தளத்தின் நிபந்தனைகள். "நேரம் முடியும்போது அதிகம் கேட்டவருக்கு விற்பனை முடிந்தது" என்று எழுதியிருந்தால், விற்பவர் அந்த நிபந்தனைக்குச் சம்மதித்துத்தானே பொருளைப் போட்டார்? கடிகாரம் நிற்பதே அவருடைய ஏற்பு. மின்னணு வழியில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாது என்று யாரும் சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் பிறகு சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவு அதை அடைத்துவிட்டது.

ஆனால் நிபந்தனையில் "விற்பவரின் ஒப்புதலுக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருந்தால் கதை தலைகீழ். அப்போது திரையில் வருவது "உங்கள் கேட்புதான் இருப்பதிலேயே அதிகம்" என்ற தகவல் மட்டுமே. மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் ஏலத் தளத்தில் அரசு நிறுவனங்களின் பழைய இரும்பு, இயந்திரம் ஏலம் எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். லாட் (ஒன்றாக ஏலம் விடும் சரக்கு) எதிரே "எஸ்.டி.ஏ." என்று வந்தால் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். அதை நம்பி லாரியும் கிரேனும் பேசி முன்பணம் கொடுத்தால் அந்தப் பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

உச்ச நீதிமன்றம் இதில் பல காலமாக ஒரே தடத்தில் நிற்கிறது. பீகார் வனத்துறையின் மூங்கில் ஏலம் பற்றிய ஹரித்வார் சிங் வழக்கு (1972), உத்தரப் பிரதேச வீட்டு வசதி வாரியத்தின் மனை ஏலம் பற்றிய ஓம் பிரகாஷ் சர்மா வழக்கு (2013) இரண்டிலும் சொன்னது இதுதான்: உறுதி செய்யும் அதிகாரம் உள்ளவர் உறுதி செய்யும்வரை ஒப்பந்தம் இல்லை, அதிக விலை கேட்டவருக்குப் பொருள் மேல் உரிமையும் இல்லை.

ஆகவே உங்கள் முதல் கணக்குக்கு: தளத்தின் பொது நிபந்தனை, அந்த லாட்டுக்கான தனி நிபந்தனை இரண்டையும் எடுங்கள். இரண்டும் மோதினால் எது மேலோங்கும் என்று பொது நிபந்தனையிலேயே ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் தனி நிபந்தனைதான். "ஒப்புதல்", "உறுதி செய்தல்", "தற்காலிகம்", "நிராகரிக்கும் உரிமை" ஆகிய சொற்களைத் தேடுங்கள். அடுத்து, மறைமுக ரிசர்வ் விலை இருந்ததா என்று பாருங்கள். ரிசர்வ் வைக்க 64(5) அனுமதிக்கிறது. கேட்பு அதை எட்டவில்லை என்றால் விற்பனை இல்லை. இது எதுவுமே இல்லை, நேரம் முடிந்தால் விற்பனை என்றுதான் இருக்கிறது என்றால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. "வெளியே ஐந்து லட்சம் போகும்" என்பது பதிலே இல்லை. விலை குறைவு என்ற காரணத்துக்காக மட்டும் ஒப்பந்தம் கெடாது என்று ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 25-இன் இரண்டாம் விளக்கம் சொல்கிறது. ஐந்து லட்சத்துக்குக் கீழே விற்க மனமில்லாதவர் ரிசர்வ் வைத்திருக்க வேண்டும்.


சரக்குமேடை:

முதல் கணக்கில் அடுத்து என்ன செய்வது என்பதைச் சேர்க்கிறேன். ஒப்பந்தம் இருக்கிறது என்று தெரிவது பாதி வேலைதான்.

விற்பவர் மறுத்தால் வாங்குபவர் செய்யும் பெரிய தவறு, கோபத்தில் பணம் கட்டாமல் விட்டுவிடுவது. கெடு தேதி தாண்டியதும் விற்பவர், "பணமே கட்டவில்லை, ஏலத்தை மீறியது நீங்கள்தான்" என்று திருப்பிவிடுவார். தளம் சொன்ன கெடுவுக்குள், தளம் சொன்ன கணக்குக்கு மட்டும், ஜி.எஸ்.டி. உள்பட முழுத்தொகையைக் கட்டுங்கள். கட்டவிடாமல் இணைப்பை அடைத்துவிட்டார்கள் என்றால் அன்றே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். ஏல எண், லாட் எண், முடிந்த நேரம், கேட்புத் தொகை, "முழுப்பணம் தயாராக உள்ளது, எந்தத் தேதியில் எடுத்துக்கொள்ளலாம்" என்ற கேள்வி, இவ்வளவு போதும். அன்றைய வங்கி இருப்புக் கணக்கின் நகலை எடுத்து வையுங்கள். பின்னால் நீதிமன்றம் "வாங்க நீ தயாராக இருந்தாயா" என்று கேட்கும்போது அதுதான் பேசும்.

பரிகாரம் இரண்டு. பொருள் தரவில்லை என்பதற்கான நட்டஈடு, சரக்கு விற்பனைச் சட்டப் பிரிவு 57. அளவு: தர வேண்டிய நாளின் சந்தை விலையிலிருந்து ஏல விலையைக் கழித்தது. இங்கே ₹5,00,000 கழித்தல் ₹3,40,000, அதாவது ₹1,60,000. விற்பவர் தன் வாயாலேயே "ஐந்து லட்சம் போகும்" என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தால் சந்தை விலைக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம், பத்திரப்படுத்துங்கள். இன்னொன்று பிரிவு 58, பொருளையே தரச் சொல்லும் உத்தரவு. அது குறிப்பிட்ட, அடையாளம் காணப்பட்ட பொருளுக்குத்தான். ஏலத்தில் போன ஜெனரேட்டர் எஞ்சின் எண்ணோடு அடையாளமான ஒன்று என்பதால் கேட்கலாம். ஆனால் அதே மாடல் சந்தையில் கிடைக்கும் என்றால் நட்டஈடே வேகமான வழி. வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம்.

இடர் பற்றியும் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் முடிந்த குறிப்பிட்ட பொருள், எடுத்துச்செல்லும் நிலையில் இருந்தால், உரிமை அப்போதே வாங்கியவருக்கு மாறும். உரிமை மாறினால் இடரும் மாறும் (பிரிவு 20, 26). யார்டில் வெள்ளம் புகுந்தால் நட்டம் உங்களுடையது. பல தளங்கள் "முழுப்பணம் வந்த பிறகே உரிமை மாறும்" என்று எழுதி இதை மாற்றியிருக்கும். எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஏலம் எடுத்த அன்றே காப்பீடு போடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. வாங்கியவர் ஓடிவிட்டால் விற்பவர் வேறொருவருக்கு விற்று நட்டத்தைக் கேட்கலாம். ஆனால் பிரிவு 54(2)படி முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் மறுவிற்பனை செய்ய வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் விற்றால் நட்டத்தைக் கேட்க முடியாது. அதிக விலைக்குப் போனால் லாபம்கூட முதலில் வாங்கியவருக்கே சேரும். சின்ன விற்பனையாளர்கள் இந்த நோட்டீஸைத்தான் தவற விடுகிறார்கள்.


சார்பதிவு:

இரண்டாவது கணக்கு என் பக்கம். வங்கி ஏலத்தில் மேலே சொன்ன சரக்கு விற்பனைச் சட்டம் பேசாது, வீடு சரக்கு அல்ல. பேசுவது சர்ஃபாசி சட்டம் 2002-உம் அதே ஆண்டின் பாதுகாப்பு நலன் அமலாக்க விதிகளும். அதில் விதி 9-ஐ வரிக்கு வரி படிக்காமல் யாரும் இ.எம்.டி. கட்டக்கூடாது என்பேன்.

உங்கள் எண்ணிலேயே போடுகிறேன். ஏலம் ₹64,50,000. விதி 9(3)படி அன்றே, தப்பினால் அடுத்த வேலை நாளுக்குள், விற்பனை விலையில் 25% சேர வேண்டும்: ₹16,12,500. இ.எம்.டி. ₹6,20,000 அதில் அடக்கம். ஆக உடனே கட்ட வேண்டியது ₹9,92,500. மீதி 75%, அதாவது ₹48,37,500, விற்பனை உறுதி செய்யப்பட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள். அதை நீட்டிக்கலாம், ஆனால் எழுத்தில், இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, எப்படியும் மூன்று மாதத்துக்கு மேல் போகாமல். கிளை மேலாளர் தொலைபேசியில் "பரவாயில்லை சார், அடுத்த மாதம் கட்டுங்க" என்பது நீட்டிப்பு ஆகாது. விலை ₹50 லட்சம் தொட்டால் வாங்குபவரே 1% வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும், இங்கே ₹64,500. அந்தத் தொகையை வங்கிக்குக் கட்டும் மீதியில் கழித்துக்கொள்ளலாமா, யாருடைய பான் எண்ணில் காட்டுவது என்பதை முன்னாடியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழித்துக் கட்டிவிட்டு "முழுத்தொகை வரவில்லை" என்ற சிக்கலில் மாட்டக்கூடாது.

இப்போது பின்வாங்கினால் என்ன போகும் என்பது. 25% கட்டும் முன்பே நின்றுவிட்டால் வீடு மறு ஏலத்துக்குப் போகும், ஏல நிபந்தனைப்படி இ.எம்.டி. ₹6,20,000 போகும். 25% கட்டிவிட்டு மீதியைக் கட்டாவிட்டால் விதி 9(5): ₹16,12,500 முழுவதும் பறிமுதல், சொத்தின் மேலும் மறுவிற்பனைத் தொகையின் மேலும் எந்தக் கோரிக்கையும் கிடையாது.

விற்பனை எப்போது முடிகிறது? விதி 9(2)படி அதிகம் கேட்டவருக்கே உறுதி செய்ய வேண்டும், ஆனால் அது வங்கியின் உறுதிப்படுத்தலுக்கு உட்பட்டது. திரையில் "ஹெச்1" (அதிகம் கேட்டவர்) என்று வருவது உறுதிப்படுத்தல் அல்ல. அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் உறுதிக் கடிதம் வர வேண்டும். 15 நாள் ஓடத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான், எனவே கடிதத்தின் தேதியையும் அது கைக்கு வந்த தேதியையும் குறித்து வையுங்கள். முழுப்பணம் கட்டி விற்பனைச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் சொத்து.

இன்னொரு நுணுக்கம். கேட்பு ரிசர்வ் விலையைத் தாண்டாவிட்டால், கடன் வாங்கியவரும் வங்கியும் சம்மதித்தால் மட்டுமே விற்கலாம் என்று அதே 9(2)-இன் காப்புரை (விதியோடு சேர்ந்த நிபந்தனை வாசகம்) சொல்கிறது. சரியாக ரிசர்வ் விலையிலேயே நிற்கும் ஒற்றைக் கேட்பு பின்னால் வழக்குக்கு விருந்து. ஒரு படியாவது மேலே கேளுங்கள்.

கடன் வாங்கியவர் பணத்தோடு வந்தால்? 2016 திருத்தத்துக்குப் பின் பிரிவு 13(8)படி, ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பு அவர் முழு பாக்கியையும் கட்ட வேண்டும். செலிர் - பாஃப்னா மோட்டார்ஸ் தீர்ப்பு (செப்டம்பர் 2023) இதை உறுதிப்படுத்தியது. அங்கே ₹105.05 கோடிக்கு ஏலம் போய், எடுத்தவர் பணமும் கட்டிவிட்டார். பிறகு கடன் வாங்கியவர் ₹129 கோடி தருகிறேன் என்று வர, உயர் நீதிமன்றம் அனுமதித்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஏலம் எடுத்தவர் பக்கம் நின்றது. கூடுதல் பணம் கிடைக்கிறது என்பதற்காக உறுதியான ஏலத்தை வங்கி உதறக்கூடாது. என் பார்வையில் பொது ஏலத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை வருவதற்கு இந்த ஒரு தீர்ப்பே பெரிய காரணம்.

ஆனால் அறிவிப்பில் குறை இருந்தால் அது வேறு. முதல் ஏலத்துக்கு 30 நாள் அறிவிப்பு, அடுத்தடுத்த ஏலத்துக்கு 15 நாள். இது தவறினால் கடன் வாங்கியவர் பிரிவு 17-இல் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போய் ஏலத்தையே கலைக்கலாம். கேட்கும் முன் நாளை எண்ணிப் பாருங்கள்.


நியாயத்தொகை:

சார்பதிவு சொன்ன பறிமுதல் பகுதியில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74 என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான நட்டஈட்டுக்கு மேல் எடுக்க முடியாது. கைலாஷ் நாத் - டில்லி வளர்ச்சி ஆணையம் வழக்கில் (2015) இதைத்தான் உச்ச நீதிமன்றம் செய்தது. ₹3.12 கோடி ஏலம், ₹78 லட்சம் முன்பணம் பறிமுதல், பிறகு அதே மனையை ஆணையம் ₹11.78 கோடிக்கு விற்றது. நட்டமே இல்லாதபோது முன்பணத்தை வைத்துக்கொள்ள முடியாது, திருப்பிக் கொடு என்றது நீதிமன்றம். வங்கி மறு ஏலத்தில் அதிக விலைக்கு விற்றால் ₹16 லட்சத்தைத் திரும்பக் கேட்க இதே வாதம் போதும்.


சார்பதிவு:

நண்பரே, 2024 பிப்ரவரி வரை அந்த வாதம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே எடுபட்டது. அதன் பிறகு எடுபடாது. சென்ட்ரல் பேங்க் - சண்முகவேலு வழக்கு. நம் மாநிலத்திலிருந்து போனதுதான். ₹12.27 கோடிக்கு ஏலம், 25% ஆக ₹3.06 கோடி கட்டினார், மீதியைக் கெடுவுக்குள் கட்ட முடியவில்லை. வங்கி பறிமுதல் செய்து, சொத்தைக் கூடுதல் விலைக்கு விற்றது. உயர் நீதிமன்றம் நட்டத்தைவிட அதிகம் எடுக்கக்கூடாது என்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, விதி 9(5) சட்டத்தால் வரும் விளைவு, அங்கே ஒப்பந்தச் சட்டம் 73, 74 பிரிவுகளுக்கு இடமில்லை, முழு 25% பறிமுதல் செல்லும் என்றது. மிக அரிதான சூழலில், ஏலம் எடுத்தவர் கையில் எதுவுமே இல்லாத காரணத்தால் கட்ட முடியாமல் போனால் மட்டுமே நீதிமன்றம் தலையிடலாம். வீட்டுக் கடன் தாமதமானது அந்தப் பட்டியலில் வராது.

கைலாஷ் நாத்தில் ஆணையமே காலக்கெடுவைத் தள்ளிக்கொண்டே போனது, மீறியது ஏலம் எடுத்தவர் அல்ல என்பதும் முக்கியம். அதே தீர்ப்பில் இன்னொரு வரி உண்டு: ஒப்பந்தம் உருவாகும் முன், பொது ஏல நிபந்தனைப்படி நடக்கும் பறிமுதலுக்குப் பிரிவு 74 பொருந்தாது. இ.எம்.டி. போவது அந்த வகை. ஆக உங்கள் மேற்கோளே பாதி எதிராகப் பேசுகிறது.

இதனால்தான் சொல்கிறேன்: கடன் அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் வங்கி ஏலத்தில் கேட்காதீர்கள். ஏலச் சொத்துக்குக் கடன் கொடுக்க பல வங்கிகள் சட்டக் கருத்து, மதிப்பீடு என்று 15 நாளைத் தாண்டிவிடும். வங்கி வெறும் அடையாள சுவாதீனத்தில் (வீடு நேரில் கைக்கு வராமல் காகிதத்தில் மட்டும்) இருந்தால் இன்னும் தள்ளும்.


நியாயத்தொகை:

சண்முகவேலு தீர்ப்பைக் கவனிக்கவில்லை. 25% விஷயத்தில் என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். தனியார் தளத்தில், சர்ஃபாசி இல்லாத ஏலத்தில், ஒப்பந்தம் முடிந்த பிறகு வரும் பறிமுதலுக்குப் பிரிவு 74 இன்னும் பொருந்தும் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். ஜெனரேட்டர் கணக்கில் தளம் "விலகினால் 50% அபராதம்" என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை அப்படியே வசூலிக்க முடியாது.


கேட்பு_எண்7:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். நேரம் முடியும் முன் கேட்பைத் திரும்பப் பெறலாம் என்று மூணாம்தரம் சொன்னார், ஆனால் தளங்களில் "கேட்பைத் திரும்பப் பெற முடியாது" என்றுதான் இருக்கிறது. எது செல்லும்? அடுத்தது, ₹3,40,000 என்று அடிக்க வேண்டியவர் ஒரு பூஜ்ஜியம் கூடப் போட்டு ₹34,00,000 என்று அடித்துவிட்டால்?


மூணாம்தரம்:

முதலாவதுக்கு இரண்டும் செல்லும் என்பதுதான் பதில், விசித்திரமாகத் தோன்றினாலும். கேட்பைத் திரும்பப் பெறும் உரிமை சட்டம் தருவது. அதைப் பயன்படுத்தினால் ஒப்பந்தம் உருவாகாது, பொருளை உங்கள் தலையில் கட்ட முடியாது. ஆனால் "திரும்பப் பெற்றால் முன்வைப்புத் தொகை போகும்" என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டுதானே உள்ளே நுழைந்தீர்கள்? அந்தப் பறிமுதல் செல்லும். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் - கங்கா என்டர்பிரைசஸ் வழக்கில் (2003) உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. அது டெண்டர் வழக்கு, ஆனால் தர்க்கம் அதே.

நடைமுறையில் இதன் விளைவைப் பாருங்கள். ஒப்புதலுக்கு உட்பட்ட ஏலத்தில் கேட்டவர் முதல் நொடியிலிருந்தே பணத்தால் கட்டுப்பட்டிருக்கிறார். விடுபவர் உறுதிக் கடிதம் தரும்வரை எதற்கும் கட்டுப்படவில்லை. இது சமமான தராசு அல்ல. அதனால் "என் கேட்பு எத்தனை நாள் செல்லுபடியாகும்" என்ற வரியை நிபந்தனையில் தேடுங்கள். 30 நாள், 60 நாள், 90 நாள் என்று ஏதாவது இருக்கும். அதற்குள் ஒப்புதல் வராவிட்டால் உங்களுக்கு விடுதலை. உடனே எழுத்தில் முன்வைப்புத் தொகையைத் திரும்பக் கேட்டுவிடுங்கள். அந்த வரியே இல்லாத ஏலத்தில் பெரிய தொகையை முடக்காதீர்கள்.

பூஜ்ஜியத் தவறு கடினமான இடம். ஒரு தரப்பு மட்டும் செய்த தவறால் ஒப்பந்தம் கெடாது என்பது பிரிவு 22. "கை தவறிவிட்டது" என்பது தானாக உங்களைக் காப்பாற்றாது. செய்ய வேண்டியது: ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உதவி எண்ணை அழையுங்கள், அழைத்த கையோடு மின்னஞ்சல் போடுங்கள். நேரம் முடியும் முன் பதிவான மின்னஞ்சல் 64(2)படி திரும்பப் பெறுதல். முடிந்த பிறகு போடும் மின்னஞ்சல் கெஞ்சல். ₹3,30,000-இல் நிற்கும் ஏலம் ஒரே தாவலில் ₹34,00,000 ஆனால் எதிர்த்தரப்புக்கும் அது தவறு என்று தெரிந்திருக்கும் என்று வாதிடலாம், ஆனால் வாதிடும் நிலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. பல தளங்கள் கேட்பை எழுத்திலும் காட்டி மறுபடி உறுதி கேட்கும். எண்ணைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள். "முப்பத்து நான்கு லட்சம்" என்று படித்தால் கண் நிற்கும்.


அக்கரைத்தீர்ப்பு:

வெளிநாட்டில் இதே கேள்வி எப்படிப் போனது என்று ஒப்பிட்டால் இந்திய நிலை இன்னும் தெளிவாகும்.

ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ், 2007. ஈபேயில் விர்ராவே என்ற பழைய போர்க்காலப் பயிற்சி விமானம். குறைந்தபட்ச விலை 1,50,000 ஆஸ்திரேலிய டாலர், ஒருவர் அதே விலையைக் கேட்டார், நேரம் முடிந்தது. விற்பவர் வேறொருவர் 1,00,000 டாலர் கூடத் தருகிறார் என்று மறுத்தார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, விமானத்தையே ஒப்படை என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அரிய பொருள், வேறெங்கும் வாங்க முடியாது என்பதால் நட்டஈட்டோடு நிற்கவில்லை.

ஜெர்மனி, 2014. ஒரு ஃபோக்ஸ்வாகன் பசாட் கார், ஈபேயில் ஆரம்ப விலை 1 யூரோ. ஒருவர் 555.55 யூரோ வரை போகலாம் என்று கேட்பு வைத்தார். வேறு யாரும் கேட்காததால் கேட்பு 1 யூரோவில் நின்றது. விற்பவர் சில மணி நேரத்தில் வெளியே ஆள் கிடைத்து ஏலத்தை நிறுத்திவிட்டார். கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1 யூரோவுக்கு ஒப்பந்தம் உண்டு என்று சொல்லி, காரின் மதிப்பு 5,250 யூரோவில் ஒன்றைக் கழித்து 5,249 யூரோ நட்டஈடு கொடுத்தது. 1 யூரோவில் ஆரம்பிக்கும் இடரை எடுத்தவர் விற்பவர்தானே என்பது காரணம்.

சிங்கப்பூரில் எதிர்ப்புறம். அது ஏலமல்ல, இணையக் கடை. 3,854 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லேசர் பிரிண்டர் தவறுதலாக 66 வெள்ளி என்று பதிவாக, ஆறு பேர் சேர்ந்து 1,606 எண்ணிக்கை ஆர்டர் போட்டார்கள். விலை தவறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதால் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்பந்தம் செல்லாது என்றது.


மூணாம்தரம்:

நல்ல ஒப்பீடு. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஜெர்மன் தீர்ப்பில் ஏலம் நடுவில் நிறுத்தப்பட்ட பிறகும் ஒப்பந்தம் பிறந்ததற்குக் காரணம், அங்கே பொருளைப் போடுவதையே கட்டுப்படுத்தும் முன்மொழிவாகத் தள நிபந்தனை வைத்திருந்தது. நம் 64(2)-இல் கேட்புதான் முன்மொழிவு. இங்கே தள நிபந்தனை வேறு விதமாகச் சொல்லாதவரை, நேரம் முடியும் முன் விற்பவர் பொருளை எடுத்துவிட்டால் அந்தத் தீர்ப்பைக் காட்டி ஜெயிக்க முடியாது.


கேட்பு_எண்7:

கடைசியாக ஒன்று. விற்பவரே வேறு பெயரில் நுழைந்து விலையை ஏற்றினால்? அதை எப்படி நிரூபிப்பது?


சரக்குமேடை:

விற்பவர் தானே கேட்கும் உரிமையை முன்கூட்டி வெளிப்படையாக அறிவித்திருந்தால் மட்டுமே கேட்கலாம். அறிவிக்காமல் கேட்டால் 64(4)படி வாங்கியவர் அதை மோசடியாகக் கருதலாம். போலிக் கேட்பால் விலை ஏற்றப்பட்டால் 64(6)படி விற்பனையை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு. ரத்து செய்வதானால் பொருளை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கும் முன் செய்யுங்கள்.

நிரூபிக்க வேண்டியது கேட்பு வரலாறு. ஏலம் முடிந்த அன்றே முழுப் பட்டியலையும் தரவிறக்குங்கள்: ஒவ்வொரு கேட்பின் தொகை, நொடி வரை நேரம், மறைக்கப்பட்ட கேட்பாளர் குறியீடு. சில நாளில் தளம் அந்தப் பக்கத்தை மூடிவிடும். ஒரே குறியீடு உங்கள் கேட்பு வந்த சில நொடிக்குள் ஒரு படி மட்டும் மேலே கேட்டு, ஒருமுறைகூட ஜெயிக்காமல், அதே விற்பனையாளரின் மற்ற லாட்டுகளிலும் இப்படியே செய்கிறது என்றால் சந்தேகத்துக்கு இடமுண்டு. தளத்துக்கு எழுதி அந்தக் கணக்கின் பதிவுகளை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

திரைப்பிடிப்பு மட்டும் நீதிமன்றத்தில் போதாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4)-இன் சான்றிதழ் வேண்டும். அது இரண்டு பகுதி: முதல் பகுதியில் பதிவைத் தயாரித்த நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டாம் பகுதியில் நிபுணர். கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற குறியீடு) இரண்டிலும் எழுத வேண்டும். அதனால் தரவிறக்கிய கோப்பைத் திருத்தாதீர்கள், பெயர்கூட மாற்றாமல் அப்படியே ஒரு பிரதியைத் தனி பென்டிரைவில் போட்டு, அன்றே ஹாஷ் எடுத்து உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். கைபேசியில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி ஹாஷ் மாறிவிடும், அந்தப் பிரதி உதவாது.